வயலின் பெயர் தெரியும், சர்வே எண் தெரியாது: பண்ணை வீட்டு மகளுக்கு நிலத்தில் என்ன இருக்கிறது?

புவனகிரி, காட்டுமன்னார்கோவில் பக்கம் பண்ணை வீட்டில் வளர்ந்த ஒரு பெண்ணிடம் அவர்கள் நிலத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். கோயிலடி வயல், மேட்டு வயல், தலைமடை, கடைமடை என்று வரிசையாகச் சொல்வார். பம்ப்செட் தொட்டியில் குளித்தது, களத்துமேட்டு நிழலில் இளநீர் குடித்தது, "பாப்பா காலுல சேறு படும்" என்று பண்ணையாள் தூக்கிக்கொண்டு வரப்பு தாண்டியது எல்லாம் நினைவிருக்கும். சர்வே எண் என்ன என்றால் முழிப்பார். பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டால், "அப்பா பேர்லதான் இருக்கும்" என்பார். அந்த 'இருக்கும்' என்ற சொல்லில்தான் சிக்கல் தொடங்குகிறது.

"மகளுக்கும் சம பங்கு" என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்புச் செய்தி வரும்போதெல்லாம் இந்தக் குடும்பங்களில் ஒரு சலசலப்பு எழும். நெய்வேலிச் சுரங்கத்துக்கோ சாலைக்கோ நிலம் எடுக்கும் அறிவிப்பு வந்தால் சலசலப்பு சண்டையாகும். மூன்று வேறு விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதே இதற்குக் காரணம்: நிலத்தோடு உள்ள பழக்கம், நிலத்தில் உள்ள பங்கு, நிலத்தை உழுகிறவரின் உரிமை. முதலாவதுக்கு எந்தப் பதிவேட்டிலும் இடம் இல்லை. மற்ற இரண்டுக்கும் உண்டு. ஆனால் அவை வெவ்வேறு பதிவேடுகள்.

வீட்டுப் பிள்ளைக்கு நிலம் தெரியும் விதம்

கடலூர் மாவட்டத்தில் எல்லா நிலமும் ஒரே மாதிரி இல்லை; பிள்ளைகளின் பழக்கமும் அப்படித்தான். தெற்கே சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பக்கம் கீழணையிலிருந்து வடவாறு வழியாக வீராணத்துக்கு வரும் தண்ணீர்தான் எல்லாம். ஏரி 47.5 அடியைத் தொட்டதா என்ற பேச்சைக் கேட்டே அங்கே பிள்ளைகள் வளர்கிறார்கள். சம்பா அறுப்புக்கு முன்பே ஈரத்தில் உளுந்து தெளிப்பது அவர்களுக்குப் பொங்கலையொட்டிய ஒரு காட்சி. நெல்லிக்குப்பம் பக்கத்துப் பிள்ளைக்குக் கரும்பு வண்டி.

பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொல்லையிலும் பலாத்தோப்பிலும் வளர்ந்தவர்களுக்கு மரம்தான் அடையாளம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது தலைமுறைகளாக நின்ற மரங்கள் வேரோடு சாய்ந்தன. "அந்தப் பெரிய பலாவுக்கு இந்தாண்ட நம்மளுது" என்று எல்லை சொல்லி வந்தவர்களுக்கு அந்த எல்லையும் அன்றே போயிற்று. மிஞ்சியது சர்வே கல். அதுவும் எல்லா மூலையிலும் இல்லை.

இந்தப் பழக்கம் ஒரு சலுகை என்பதையும் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் ஒரு நிலக் கைப்பற்றின் சராசரி அளவு 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. பத்துப் பன்னிரண்டு ஏக்கர் வைத்திருக்கும் வீட்டின் பிள்ளை, நிலத்தைப் பெரும்பாலும் பிறர் உழைப்பின் வழியாகவே பார்க்கிறாள். களத்தில் கூலி நெல்லை மரக்காலால் அளக்கும்போது அவள் நெற்குவியலின் மேல் ஏறி விளையாடியிருப்பாள். ஒரு மரக்கால் கூடவா குறையவா என்று பக்கத்தில் நடந்த பேச்சு அவள் காதில் விழுந்திருக்காது.

தாள்கள் நான்கு, வேலை வேறு வேறு

முதலில் அளவு. சிதம்பரம் பக்கம் இன்றும் பேச்சில் காணி, மா, குழி உண்டு. 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி. ஒரு மா ஏறத்தாழ 33 சென்ட். நான்கு மா சேர்ந்தால் ஒரு காணி, அதாவது 1.32 ஏக்கர். பத்திரத்தில் ஏக்கர்-சென்ட் இருக்கும், பட்டாவில் ஹெக்டேர்-ஏர் இருக்கும், பெரியவர்கள் வாயில் காணி இருக்கும். மூன்றையும் பொருத்திப் பார்க்கத் தெரியாததால் மட்டுமே பல சந்தேகங்கள் கிளம்புகின்றன.

*பத்திரம்* என்பது நிலம் கை மாறியதற்கான ஆவணம். கிரயம், தானம், பாகப்பிரிவினை, விடுதலை (தன் பங்கை மற்றொருவருக்கு விட்டுக்கொடுப்பது) எதுவாகவும் இருக்கலாம். உரிமை நிலைப்பது இதில்தான். *பட்டா* வருவாய்த் துறையின் பதிவு. யாரிடம் வரி வாங்க வேண்டும் என்பதற்காகப் பிறந்த தாள் அது. அண்ணன் பெயரில் தனிப் பட்டா இருக்கிறது என்பதால் மட்டும் தங்கையின் பங்கு அழிந்துவிடாது. நீதிமன்றங்கள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. *சிட்டா* ஒருவர் பெயரில் உள்ள நிலங்களின் பட்டியல். இப்போது இணையத்தில் பட்டாவும் சிட்டாவும் ஒரே தாளாக வருகின்றன. *அடங்கல்* கிராம நிர்வாக அலுவலர் எழுதுவது: இந்தப் பசலியில் (வருவாய்த் துறையின் ஆண்டுக் கணக்கு) இந்த எண்ணில் என்ன பயிர், எவ்வளவு பரப்பு என்ற விவரம்.

இவற்றோடு வில்லங்கச் சான்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நிலத்தின் மீது பதிவான விற்பனை, அடமானம், விடுதலை எல்லாம் அதில் தெரியும். தன் பெயரில் ஒரு விடுதலைப் பத்திரம் எப்போதோ பதிவாகியிருப்பதை வில்லங்கம் போட்டுப் பார்த்த பிறகே அறிந்த பெண்கள் உண்டு. "அம்மா கூப்பிட்டாங்கன்னு ஆபீசுக்குப் போயி கையெழுத்துப் போட்டேன்" என்பதுதான் அந்தப் பத்திரத்தின் கதையாக இருக்கும்.

9 காணி கணக்கு

பங்கு என்பது எவ்வளவு? ஒரு கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். ஒரு இந்துக் குடும்பத்துக்குப் பூர்வீக நிலம் 9 காணி. அப்பா, அம்மா, ஒரு மகன், ஒரு மகள். அப்பா உயில் எழுதாமல் இறக்கிறார். அவருடைய தாய் ஏற்கெனவே இல்லை.

1. 1956 ஜூன் 17 முதல் நடைமுறையில் உள்ள இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் பழைய வடிவில், பூர்வீகச் சொத்தில் பிறப்பால் உரிமை ஆண்களுக்கு மட்டும். அப்பாவுக்கு நாலரை, மகனுக்கு நாலரை. அப்பாவின் நாலரையை மனைவி, மகன், மகள் மூவரும் சமமாகப் பிரிப்பார்கள். ஆக மகனுக்கு 6 காணி, மகளுக்கு ஒன்றரை, அம்மாவுக்கு ஒன்றரை.

2. தமிழ்நாட்டுத் திருத்தம் 1989 மார்ச் 25 முதல் செல்லும். மகளும் பிறப்பால் பங்குதாரர் ஆனாள். அப்பா, மகன், மகள் மூவருக்கும் மும்மூன்று காணி. அப்பாவின் மூன்றில் ஆளுக்கு ஒன்று. மகன் 4, மகள் 4, அம்மா 1. ஆனால் ஒரு கொக்கி இருந்தது: அந்தத் தேதிக்கு முன் திருமணமான மகள்களுக்கு இது கிடையாது. அதே வீட்டில் 1988-இல் தாலி கட்டிய அக்காவுக்கு இல்லை, 1990-இல் கட்டிய தங்கைக்கு உண்டு. இன்றும் கடலூர்ப் பக்கம் பலர் "எண்பத்தொம்பதுக்கு முன்னாடி கல்யாணம் ஆனவங்களுக்குப் பங்கு இல்ல" என்று சொல்வது இதை வைத்துத்தான்.

3. 2005 செப்டம்பர் 9 முதல் மத்தியத் திருத்தம் நாடு முழுவதற்கும் வந்தது. திருமணத் தேதி பற்றிய அந்தக் கொக்கி இதில் இல்லை. 2004 டிசம்பர் 20-க்கு முன் முறையாக முடிந்த பாகப்பிரிவினையையும் விற்பனையையும் மட்டும் அது தொடுவதில்லை. வேளாண் நிலத்தைப் பொறுத்தவரை இன்னொரு மாற்றம் அதிகம் பேசப்படவில்லை: நிலத் துண்டாக்கம், உச்சவரம்பு, குத்தகை உரிமை பற்றிய மாநிலச் சட்டங்களுக்கு இந்து வாரிசுரிமைச் சட்டம் விட்டுக்கொடுத்திருந்த பிரிவு நீக்கப்பட்டது.

4. திருத்தம் வந்த அன்று அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்று பல ஆண்டுகள் குழப்பம் நீடித்தது. வினீதா சர்மா வழக்கில் 2020 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் முடிவு சொன்னது: தேவையில்லை, உரிமை பிறப்பால் வருவது. 'வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டோம்' என்று பிற்பாடு சொன்னால் எளிதில் ஏற்க முடியாது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. வீட்டுப் பெட்டியில் மடித்து வைத்திருக்கும் கூர்ச்சீட்டின், அதாவது பதிவு செய்யாத பாகப்பிரிவினைத் தாளின், பலம் இதனால் வெகுவாகக் குறைந்தது.

இங்கே உயில் எங்கே நுழைகிறது? அப்பா தன் மூன்று காணிக்கு யார் பெயரிலும் உயில் எழுதலாம். மகளின் மூன்று காணியை அவர் உயிலால் தொட முடியாது. நாலாவது காணி மட்டும்தான் அவர் மனத்தைப் பொறுத்தது.

இவ்வளவும் இந்துக் குடும்பங்களுக்கு. பரங்கிப்பேட்டை முஸ்லிம் குடும்பத்தில் ஷரீஅத் முறைப்படி மகளுக்கு மகன் பங்கில் பாதி. வேளாண் நிலத்துக்கும் ஷரீஅத் செல்லும் என்று 1949-இலேயே அன்றைய சென்னை மாகாணம் திருத்தம் செய்திருந்தது. கிறிஸ்தவக் குடும்பங்களில் 1925 சட்டப்படி மகனும் மகளும் சமம். அங்கே பிறப்பால் பங்கு என்ற பேச்சே இல்லை. ஆற்றைத் தாண்டிப் பாகூர்ப் பக்கம் போனால் கதை வேறு. தமிழ்நாட்டின் 1989 திருத்தம் புதுச்சேரி மண்ணில் செல்லாது. பிரெஞ்சுக் காலத்தில் 1881 ஆணைப்படி தங்கள் தனிச்சட்டத்தைத் துறந்த ரெனோன்சான் குடும்பங்களுக்குப் பிரெஞ்சு சிவில் சட்டம். பெண் கொடுத்து எடுத்த சம்பந்திகளுக்குள்ளேயே இரண்டு சட்டம் ஓடலாம்.

'தாத்தா சொத்து' என்ற தவறான கணக்கு

"தாத்தா சொத்து பேரனுக்கு" என்பது ஊரில் எல்லோரும் சொல்வது. சட்டத்தில் அது எப்போதும் சரியில்லை. தாத்தா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய நிலம் 1956-க்குப் பிறகு அவர் இறந்து அப்பாவுக்கு வந்திருந்தால், அது அப்பாவின் தனிச்சொத்து என்று 1986-இல் சந்தர் சென் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த நிலத்தில் அப்பா உயிரோடு இருக்கும்வரை மகனுக்கும் பங்கு இல்லை, மகளுக்கும் இல்லை. உயில் இல்லாமல் அவர் இறந்தால் நம் 9 காணி மனைவி, மகன், மகளுக்கு மும்மூன்றாகப் போகும். உயில் இருந்தால் உயிலின்படி.

ஆக, "பங்கு உண்டா" என்ற கேள்விக்கு முன்னால் "இந்த நிலம் அப்பாவுக்கு எப்படி வந்தது" என்று கேட்க வேண்டும். நிலத்தின் பழைய மூலப் பத்திரமான தாய்ப்பத்திரம் இல்லாமல் இதற்குப் பதில் கிடைக்காது. 1956-க்கு முந்திய மரணங்களுக்கும் விடை வந்துவிட்டது. உயில் எழுதாமல் இறந்த தந்தையின் சுயசம்பாத்தியத்துக்கு, சகோதரர் பிள்ளைகளை முந்தி மகளே வாரிசு என்று 2022 ஜனவரியில் அருணாசலக் கவுண்டர் வழக்கில் தீர்ப்பானது. 1949-இல் இறந்த ஒரு தமிழ்நாட்டு விவசாயியின் நிலத்தைப் பற்றிய வழக்கு அது.

மஞ்சள் காணியும் உச்சவரம்பும்

மகளுக்கு நிலம் தருவது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. கல்யாணத்தில் சீதனமாக எழுதித் தரும் நிலத்துக்கு மஞ்சள் காணி என்றே பெயர் இருந்தது. பின்னால் நிலம் நகையாக மாறியது, நகை காராக மாறியது. "அதான் நூறு பவுன் போட்டோமே" என்ற வாதம் வந்தது இப்படித்தான். சட்டப்படி சீர் வேறு, பங்கு வேறு. சீர் வாங்கியதால் பங்கு தானாக அற்றுப்போவதில்லை. பதிவு செய்த விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திட்டால் போகும். "அக்கா, ஒரு கையெழுத்துதான், லோனுக்குக் கேக்குறாங்க" என்று தம்பி அழைக்கும்போது எந்தப் பத்திரம் என்று கேட்பது பாசக் குறைவாகப் பார்க்கப்படுகிறது. என்னைக் கேட்டால், அந்தக் கேள்வியைக் கேட்கவிடாமல் செய்வதுதான் பாசக் குறைவு.

பண்ணை வீடுகளில் இன்னொரு வகையிலும் பெண் குழந்தையின் பெயர் பத்திரத்தில் ஏறியது. 1961 நில உச்சவரம்புச் சட்டம் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் (நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்) என்று வரம்பு வைத்தது; 1970-இல் அது 15 ஆகக் குறைந்தது. அந்தச் சட்டத்தின் 'குடும்பம்' என்ற விளக்கத்தைப் பாருங்கள்: மைனர் மகன்களும், மணமாகாத மகள்களும். வயதுக்கு வந்த மகன் தனி ஆள். வயதுக்கு வந்த மகள், மணமாகும்வரை அப்பாவின் கணக்கில். பெண்ணின் சீதன நிலத்துக்கு மட்டும் 10 தர ஏக்கர் வரை தனிச் சலுகை. பெண்கள் பெயருக்கு நிலம் போன அந்தக் காலத்துப் பத்திரங்களை இந்தப் பின்னணியோடுதான் படிக்க வேண்டும். எல்லாமே பாசத்தில் எழுதியவை என்று கொள்ள முடியாது. பாசம் இருந்ததா என்பது வேறு கேள்வி. பத்திரம் நின்றுவிட்டது.

மைனர் பெயரில் தனியாக எழுதிய நிலத்தை அப்பா நினைத்தபடி விற்க முடியாது. 1956 இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டப்படி நீதிமன்ற அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் விற்றிருந்தால், பிள்ளை 18 வயது முடிந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட்டு அதை ரத்து செய்யக் கேட்கலாம். 21 வயதில் கல்லூரியில் இருக்கும் பெண்ணுக்கு இது தெரிய வழியில்லை என்பதை நம்பியே பல விற்பனைகள் நடந்திருக்கின்றன.

உழுகிறவர் எங்கே நிற்கிறார்

பங்கு வாங்கிய மகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். நிலத்தில் இருப்பவர் குத்தகைக்காரர். 1955 பயிரிடும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டப்படி, தன் உடலுழைப்பும் போட்டுப் பயிரிடும் குத்தகைதாரரை உரிமையாளர் இஷ்டத்துக்கு வெளியேற்ற முடியாது. உரிமை அண்ணனிடமிருந்து தங்கைக்கு மாறினாலும் குத்தகை தொடரும். நியாயக் குத்தகை விளைச்சலில் 25 சதவீதம் என்று 1956 நியாயக் குத்தகைச் சட்டம் சொல்கிறது. குத்தகையைப் பதிவு செய்ய 1969-இலேயே தனிச் சட்டம் வந்தது. நடைமுறையில் வாய்க் குத்தகைதான் அதிகம். பதிந்தால் நிலம் போய்விடும் என்ற பயம் உரிமையாளருக்கு.

அந்தப் பயத்தின் விலையைக் குத்தகைக்காரர் கொடுக்கிறார். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் சிட்டாவும் அடங்கலும் கேட்பார்கள். சிட்டா உரிமையாளர் பெயரில். அவர் ஒத்துழைத்தால் உண்டு. இல்லையென்றால் மூட்டை வியாபாரியிடம் போகும். பயிர் இழப்பு நிவாரணத்திலும் இதே கதை. வரப்பில் பாப்பாவைத் தூக்கிப்போனவரின் மகன் இன்று அதே வயலில் குத்தகைக்காரராக இருந்தால், பாப்பா ஒரு நகலில் கையெழுத்திட்டு அனுப்புகிறாரா என்பதைப் பொறுத்திருக்கிறது அவருடைய மூட்டையின் விலை.

வயலோரத்துக் குடிசை மனைகளுக்கு மட்டும் உரிமை நேரடியாகவே போய்விட்டது. 1971 ஜூன் 19 அன்று அங்கே குடியிருந்த விவசாயத் தொழிலாளர்களுக்கு மனையைச் சொந்தமாக்கிய சட்டம் அது. பூர்வீகப் பத்திரத்தின் பரப்பும் இன்றைய பட்டாவின் பரப்பும் சில சென்ட் இடித்தால், அண்ணனைச் சந்தேகிக்கும் முன் இதையும் பார்த்துக்கொள்ளலாம்.

நிலம் பணமாகும் நாள்

2023 ஜூலையில் சேத்தியாத்தோப்பு அருகே வளையமாதேவியில், நெய்வேலிச் சுரங்கத்தின் பரவனாற்று மாற்று வாய்க்காலுக்காக நட்ட நெற்பயிருக்குள் எந்திரங்கள் இறங்கிய காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது என்பது நிறுவனத்தின் வாதம். விவசாயிகள் அதன் பிறகும் பயிர் செய்துகொண்டிருந்தார்கள். தாளும் வயலும் எவ்வளவு தூரம் விலகி நிற்க முடியும் என்பதற்கு இதைவிட வெளிப்படையான உதாரணம் இந்த மாவட்டத்தில் இல்லை.

மகள்களுக்கு இதில் வரும் பிரச்சினை வேறு. அறிவிப்பு முதலில் பட்டாவில் உள்ள பெயருக்குப் போகும். அண்ணன் பெயரில் தனிப் பட்டா என்றால் அவருக்கே இழப்பீடு தயாராகும். தனக்கும் பங்கு உண்டு என்று தங்கை எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தால், யாருக்கு எவ்வளவு என்பது தீரும்வரை அந்தப் பகுதி நிறுத்தப்படலாம். பணம் கை மாறிய பிறகு என்றால் நேரே சிவில் வழக்குதான். சிதம்பரம் பக்கத்து ஐந்து ஒன்றியங்கள் (காட்டுமன்னார்கோவில், குமராட்சி, கீரப்பாளையம், மேல்புவனகிரி, பரங்கிப்பேட்டை) 2020 முதல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலத்தில் இருக்கின்றன. புதிய சில தொழில்களுக்கு அங்கே தடை. குடும்பத்துக்குள் நடக்கும் பிரிவினைக்கு அந்தச் சட்டம் தடையுமில்லை, துணையுமில்லை.

என்ன வரிசையில் பார்ப்பது

1. ஊர், சர்வே எண், உட்பிரிவு. இந்த மூன்றும் இருந்தால் பட்டாவை இணையத்திலேயே பார்க்கலாம். பழைய வரி ரசீதில் எண் இருக்கும்.
2. வில்லங்கச் சான்றும் தாய்ப்பத்திர நகலும். நிலம் அப்பாவுக்கு எப்படி வந்தது என்பது இங்கேதான் தெரியும்.
3. அப்பா காலமாகியிருந்தால் வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்று. மணமான மகள்களின் பெயரும் அதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.
4. பிரிக்க மனமில்லை என்றால் எல்லா வாரிசுகள் பெயரிலும் கூட்டுப் பட்டா. பிரிப்பதென்றால் பதிவு செய்த பாகப்பிரிவினைப் பத்திரம், அதன் பிறகு உட்பிரிவுக்கு மனு.

உட்பிரிவு மனுவுக்கு சர்வேயர் நேரில் வந்து அளப்பார். அவர் கையில் அந்த எண்ணின் அளவு வரைபடமான புலப்படம் இருக்கும். அண்ணன் குடையோடு வரப்பில் நிற்பார். தங்கை காரிலிருந்து இறங்கி, இது மேட்டு வயலா கோயிலடி வயலா என்று பார்த்துக்கொண்டிருப்பார். மூலைக் கல் எங்கே புதைந்திருக்கிறது என்று புல்லைச் செதுக்கிக் காட்டுவது அநேகமாகக் குத்தகைக்காரர்தான்.